"இடுப்பு ஆபரேஷன் ஆனவங்களுக்கான ஸ்பெஷல் எம்டிபி ஷார்ட்ஸ்"னு, அதாவது மலைப்பாதையில சைக்கிள் ஓட்டறவங்களுக்கு இடுப்புல பேட் வச்ச ஷார்ட்ஸ்னு, விளம்பரம் பாத்தீங்கன்னா, காசு போடறதுக்கு முன்னாடி இதை ஒருவாட்டி படிச்சிருங்க

போன வருஷம் ஜூலைல கோத்தகிரி பக்கம் டீ எஸ்டேட் வழியா சைக்கிள்ல இறங்கும்போது விழுந்தேன். பெரிய ஜம்ப் எல்லாம் ஒண்ணும் அடிக்கலைங்க, நடக்கிறத விடக் கொஞ்சம் ஜாஸ்தி ஸ்பீடு, அவ்ளோதான். முந்தின நாள் பூரா மழை, சில்வர் ஓக் வேர் ஒண்ணு பாதைக்குக் குறுக்க ஊறிப்போய் கிடந்துச்சு, முன் வீல் அதுல ஏறுனதும் அப்படியே சைடுல வழுக்கிடுச்சு, கால் ரெண்டும் பெடல்ல கிளிப் ஆகி இருந்ததால ஊனறதுக்குக் கூட நேரமில்ல, இடது இடுப்பு நேரா கல்லு மேல. காஞ்ச முருங்கைக் கொம்பை ஒடிச்சா ஒரு சத்தம் வரும்ல, அந்தச் சத்தம் என் உடம்புக்குள்ள இருந்து வந்துச்சு.

ஃபீமர் நெக் பிராக்சர், அதாவது தொடை எலும்போட மேல்முனை, பந்து மாதிரி இருக்குமே, அதுக்குக் கீழ இருக்கிற கழுத்துப் பகுதி. அன்னைக்கு ராத்திரியே கோயமுத்தூர் கொண்டு வந்து மூணு ஸ்க்ரூ போட்டாங்க. ஆறு வாரம் இடது கால் தரையில படவே கூடாது, வாக்கர், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெயிட் வைக்கலாம்னாங்க. டாக்டர் அப்பவே ஒண்ணு சொன்னார், இந்த இடத்துல எலும்பு சேர்றது பாதி கதைதான், பந்துக்குப் போற ரத்தக் குழாய் இந்தக் கழுத்தை ஒட்டித்தான் போகுது, அது அடிபட்டிருந்தா எலும்பு சேந்த பின்னாடியும் பந்து செத்துப் போக வாய்ப்பு இருக்கு, அதனால ரெண்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டே இருக்கணும்னு. சைக்கிள் ரேஸ் பாக்கறவங்களுக்கு ஃபிளாய்ட் லேண்டிஸ் ஞாபகம் இருக்கும், 2006 டூர் டி ஃபிரான்ஸ்ல முதல்ல வந்து ஊக்கமருந்து கேஸ்ல பட்டத்தை இழந்தாரே அவர்தான். அவருக்கும் 2003ல ட்ரெயினிங்ல விழுந்து இடுப்பு உடைஞ்சு, ஸ்க்ரூ போட்டு, இதே மாதிரி ரத்த ஓட்டம் நின்னுதான் மூட்டு போச்சு, 2006லயே அதுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். நான் இதெல்லாம் தேடித் தேடிப் படிச்சு பயந்து போய் கிடந்த சமயம் அது.

அந்த நேரத்துலதான் இந்த விளம்பரம் வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு வாக்கரைத் தள்ளிட்டு பாத்ரூம் போயிட்டு வந்து தூக்கம் வராம போனை நோண்டிட்டு இருந்தேன், நான் என்ன தேடறேன்னு போனுக்குத் தெரியாதா என்ன. "போஸ்ட் சர்ஜரி ஹிப் கார்டு, எம்டிபி ரைடர்களுக்காக, சிஇ லெவல் 2, ஆர்த்தோ டாக்டர்கள் பரிந்துரை, இடுப்பு எலும்பு முறிவைக் குறைக்கும்னு ஆராய்ச்சியில் நிரூபணம்". சிஇங்கிறது ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்துக்கு ஏத்ததுன்னு காட்டுற முத்திரை. விலை 6,800. இம்போர்ட்டட்னு வேற போட்டிருந்தான். வாட்சப்லதான் ஆர்டர், சிஓடி கிடையாது, ஒரு தனிநபர் நம்பருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே ஜிபே பண்ணணும். இப்ப எழுதும்போதே எனக்கு வெக்கமா இருக்கு, ஆபீஸ்ல நூறு ரூபா ஸ்பேர் வாங்கினாக்கூட பில்லு எங்கன்னு கேக்கறவன் நான்.

ஆனா என்னை ஏமாத்துனது அந்த லேபிளோ விலையோ இல்லைங்க. நான் கேட்ட ஒரு கேள்விக்கு வந்த பதில். "ப்ரோ எனக்கு ஸ்க்ரூ போட்டு நாலாவது மாசம் வரப்போகுது, இதைப் போட்டுட்டு லைட்டா மண்ரோட்டுல ஓட்டலாமா"ன்னு கேட்டேன். ஒரு நிமிஷத்துல ரிப்ளை. "தாராளமா ஓட்டலாம் ப்ரோ, இதுக்குன்னே டிசைன் பண்ணதுதான், நம்ம கஸ்டமர்ஸ் மூணு மாசத்துலயே ட்ரெயில் போறாங்க." டாக்டர் தராத பர்மிஷனை ஒரு துணிக்கடைக்காரன் தர்றான், நானும் அதைத்தான் காசு கொடுத்து வாங்கினேன். வீட்டுக்காரி கூடச் சொன்னா, "ஏங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பணத்தைப் போடுங்க"ன்னு. கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாருன்னுதான் கேக்கல.

பார்சல் வந்துச்சு, போட்டுப் பாத்தேன், இறுக்கமா கச்சிதமா இருந்துச்சு, இடுப்புல ரெண்டு பக்கமும் கெட்டியா ஏதோ காவல் இருக்கிற மாதிரி ஒரு தைரியம். அந்தச் சந்தோஷத்துல அவனுக்கு மெசேஜ் வேற போட்டேன், "ஃபிட் செம ப்ரோ, மறுபடியும் சைக்கிள் ஏறப் போறேன்"னு, ரெண்டு ஹார்ட் வேற.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குப் பின்னாடி குளத்துக்கரை மண்பாதையில ஓட்டினேன். ஒரு கிலோமீட்டர் கூட இல்ல. திரும்பி வரலாம்னு வண்டிய வளைச்சப்ப ஒரு நாய் குறுக்க வந்துச்சு, பிரேக் பிடிச்சேன், இடது காலை ஊனப் போனேன், கால்ல பலம் இல்ல, அப்படியே நின்ன இடத்துலயே இடது பக்கம் சாஞ்சு விழுந்தேன். சின்னப் பசங்க விழுந்தா எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டுப் போயிருவாங்க, அந்த மாதிரி விழுகைதான். எனக்கு எந்திரிக்க முடியல, அங்க ஆடு மேச்சிட்டு இருந்த அம்மாதான் ஓடி வந்து "ஏஞ்சாமி, ஏதாச்சும் ஒடஞ்சிருச்சா"ன்னு கேட்டுட்டே தூக்கி உக்கார வச்சாங்க. பேட் எங்க இருந்துச்சு தெரியுமா, திரும்பிப் பின்பக்கம் போயிருச்சு. ஸ்க்ரூ தலை மூணும் இருக்கிற இடத்துல வெறும் துணிதான்.

ஸ்க்ரூ நகரலை, எலும்பும் தப்பிச்சுது, எக்ஸ்ரே பாத்த பின்னாடிதான் மூச்சே வந்துச்சு. டாக்டர் அன்னைக்கு விட்ட டோஸை எல்லாம் இங்க எழுத முடியாது, ஆனா பிரிஸ்கிரிப்ஷன் பேப்பருக்குப் பின்னாடி அவர் போட்டுக் காட்டின படத்தைச் சொல்லணும். பக்கவாட்டுல இருந்து வர்ற அடியைத்தான் பேட் கொஞ்சம் பரப்பி விடும், சரி, ஆனா கால் ஊனும்போது வர்ற முறுக்கு, பள்ளத்துல இறங்கும்போது பெடல் வழியா ஏறுற அதிர்ச்சி, இதெல்லாம் எலும்புக்கு உள்ளாற வழியாவே கழுத்துக்குப் போகுது, அதுக்கு வெளிய என்னத்தை ஒட்டி வச்சாலும் ஒண்ணும் ஆகப் போறதில்லைன்னார். இன்னொண்ணும் சொன்னார், ஸ்க்ரூ போட்ட எலும்புல ஸ்க்ரூ நுழைஞ்ச ஓட்டையை ஒட்டிப் புதுசா உடைய வாய்ப்பு இருக்கு, அப்படி உடைஞ்சா முதல் ஆபரேஷன விடப் பெரிய ஆபரேஷன் ஆயிரும்னு.

வீட்டுக்கு வந்து அந்த ஷார்ட்ஸைக் கத்திரிக்கோல் வச்சுப் பிரிச்சேன். பேட் வெளிய எடுக்கவே முடியாதபடி தையல் போட்டிருந்தான், ஏன்னு பிரிச்ச அப்புறம்தான் தெரிஞ்சுது. உள்ள இருந்தது ரப்பர் செருப்பு அட்டை மாதிரி ஒரு ஃபோம், எட்டு மிமீ இருக்கும், நகத்தை வச்சு அழுத்துனா பள்ளம் அப்படியே நிக்குது. அதுக்கு மேல ஆரஞ்சு கலர் பெயிண்ட். நல்ல பேட் நெறைய ஆரஞ்சு கலர்ல வருதுல்ல, அந்த நெனப்புல நாம ஏமாறணும்னுதான் அந்தக் கலர். ஃபோமோட ஓரத்தைச் சீவாம வெட்டி விட்டிருந்தான், அந்த முனைதான் ரெண்டு வாரமா ராத்திரி ஸ்க்ரூ இருக்கிற இடத்துல உறுத்திட்டு இருந்திருக்கு, நான் காயம் ஆறுற வலின்னு நெனச்சேன்.

என் பிரெண்ட் ஒருத்தன் பைக் ரைடர், அவன்கிட்ட அஞ்சு வருஷம் பழைய ரைடிங் பேன்ட்டோட ஹிப் பேட் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டையும் சோதிச்சுப் பாத்தோம். பாத்ரூம் வேலையில மிச்சமான டைல்ஸை மணல் மேல வச்சு, அதுக்கு மேல பேட், அதுக்கு மேல ரெண்டு கிலோ டம்பெல்லை இடுப்பு உயரத்துல இருந்து போட்டோம். என்னுது போட்ட டைல்ஸ் ரெண்டா போச்சு. அவன் பேட் வச்ச டைல்ஸ் மூணு தடவை போட்டும் அப்படியே இருந்துச்சு. "மாப்ள, இதுக்கு நம்ம வீட்டு மிதியடிய மடிச்சு வச்சிருக்கலாம்டா"ன்னான். இது லேப் டெஸ்ட் இல்லைன்னு எனக்கும் தெரியும், ஆனா 6,800 ரூபா போன ஆளுக்கு ஒரு டைல்ஸ் உடையறதைப் பாத்தாத்தான் மனசு ஒத்துக்குது.

அவனோட பேட்லதான் நிஜ லேபிள் எப்படி இருக்கும்னு பாத்தேன். லேபிள் துணியில இல்ல, பேட் மேலயே அச்சுல பதிஞ்சிருக்கு. சின்னதா ஒரு பைக் ஓட்டுற ஆள் படம், இஎன் 1621-1ன்னு தரத்தோட நம்பர், இடுப்புக்கானதுன்னு ஹெச்ங்கிற எழுத்து, சைஸுக்கு ஏ இல்லன்னா பி, லெவல் 1 இல்ல 2. முட்டிக்குன்னா கே, முழங்கைக்கு இ, தோளுக்கு எஸ். என்னுதுல துணிமேல பெருசா "சிஇ லெவல் 2"ன்னு சூடு வச்சு ஒட்டுன ஸ்டிக்கர், ரெண்டு தடவை துவைச்சதும் உரிய ஆரம்பிச்சிருச்சு. சிஇன்னா சைனா எக்ஸ்போர்ட்னு வாட்சப்ல ஒரு கதை சுத்துது, அப்படி ஒரு முத்திரையே கிடையாது, அதை வச்சு முடிவு பண்ணாதீங்க, எந்தத் தரம் எந்த லெவல்னு நம்பர் இருக்கா, அது பேட் மேல இருக்கான்னு மட்டும் பாருங்க.

அந்த லெவலுக்கு என்ன அர்த்தம்னும் தெரிஞ்சுக்கங்க. அஞ்சு கிலோ எடையைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்துல இருந்து பேட் மேல போடுவாங்க, மோதுற சக்தி 50 ஜூல். அடியில இருக்கிற இரும்புக்குப் போய்ச் சேர்ற விசை சராசரியா 35 கிலோநியூட்டனுக்குள்ள இருந்தா லெவல் 1, 20க்குள்ள இருந்தா லெவல் 2. அது பைக்ல விழறவங்களுக்கு அடியைக் குறைக்கிற கணக்கு. எலும்பு உடையாதுன்னு எந்த லெவலும் எங்கயும் சொல்லலை, அதுவும் பாதி சேந்த எலும்புக்கு.

சரி, "ஆராய்ச்சியில் நிரூபணம்"னு போட்டிருந்தானே அது என்னன்னும் தோண்டினேன். இடுப்பு பாதுகாப்பு உறைன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு, வயசானவங்க வீட்டுக்குள்ள நடக்கும்போது விழுந்தா இடுப்பு உடையாம இருக்கப் போடறது. 2000ல ஃபின்லாந்துல அதைப் பத்திப் பெரிய ஆய்வு ஒண்ணு வந்துச்சு, போட்டவங்களுக்கு முறிவு குறைஞ்சுதுன்னும் வந்துச்சு. ஆனா அதுல இருந்தவங்க சராசரி வயசே 80க்கு மேல, தள்ளாத நிலையில இருந்தவங்க. நம்ம ஆளு அந்தப் பாட்டி தாத்தாக்களோட ரிசல்ட்டை எடுத்து செருப்பு ஃபோம் மேல ஒட்டி டீ எஸ்டேட்ல இறங்கறவனுக்கு விக்கிறான்.

இம்பாக்ட் ஷார்ட்ஸே, அதாவது இந்த மாதிரி அடிக்குப் பேட் வச்ச ஷார்ட்ஸே, வேஸ்ட்டுன்னு சொல்ல வரலைங்க. நல்ல கம்பெனிக்காரங்க அது சிராய்ப்புக்கும் ஊமைக்காயத்துக்கும்னு நேராவே சொல்லித்தான் விக்கிறாங்க, எலும்பு முழுசா சேந்து டாக்டர் சரின்னு சொன்ன பின்னாடி நானும் ஒண்ணு வாங்கத்தான் போறேன். வாங்கும்போது கடையில போய் நின்னு இடுப்போரத்துல கைய வச்சு காலை உள்ள வெளிய திருப்பிப் பாருங்க, ஒரு முண்டு எலும்பு கைக்குத் தட்டுப்படும், பேட்டோட நடுப்பகுதி அது மேலதான் உக்காரணும், உக்காந்து எந்திரிச்சு சைக்கிள் மேல ஏறி இறங்குனாலும் அங்கயே இருக்கணும். அப்புறம் சைக்கிள் கடையில "பேட் வச்ச ஷார்ட்ஸ்"னு கேட்டா சீட்டு உறுத்தாம இருக்க உக்கார்ற இடத்துல மெத்தை வச்சதைத்தான் எடுத்துப் போடுவாங்க, அது வேற இது வேற.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை சீக்கிரம் முடிஞ்சிரும். முதல்ல "இன்னர்வேர் ஐட்டம் ப்ரோ, ஹைஜீன் பாலிசி, ரிட்டர்ன் கிடையாது"ன்னான். பேட் போட்டோ, டைல்ஸ் வீடியோ அனுப்பினேன். "நீங்க பிரிச்சுட்டீங்க, வாரன்டி போச்சு"ன்னான். கொஞ்ச நாள் கழிச்சு, ரிவ்யூ எதுவும் போட மாட்டேன்னு எழுதிக் கொடுத்தா 2,000 தர்றேன்னான். முடியாதுன்னேன், பிளாக் பண்ணிட்டான். 1915க்கு, அதாங்க தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணினேன், மரியாதையாத்தான் பேசினாங்க, பில்லு கேட்டாங்க, வித்தவன் அட்ரஸ் கேட்டாங்க. ரெண்டும் இல்ல. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் பீஸே கிடையாது, ஆனா நோட்டீஸ் அனுப்ப எதிர்த்தரப்புக்கு ஒரு வீட்டு வாசல் வேணும்ல. இறக்குமதி சரக்குன்னா பாக்கெட் மேல இறக்குமதி பண்ணவரோட பேரு, அட்ரஸ், எந்த நாடு, எம்ஆர்பி எல்லாம் இருக்கணும்னு சட்டமே இருக்கு, என் பாக்கெட்ல ஒரு மலை படமும் "நோ ஃபியர்"னு ரெண்டு வார்த்தையும்தான் இருந்துச்சு. அதை வந்த அன்னைக்கே பாத்திருக்கணும்.

இதை ஏன் இப்ப எழுதறேன்னா, போன வாரம் இன்னொரு பிரெண்டோட போன்ல எனக்கு வித்தவனோட பேஜைப் பாத்தேன். அதே ஷார்ட்ஸ், இப்ப 7,499. கஸ்டமர் ரிவ்யூன்னு வரிசையா வாட்சப் ஸ்கிரீன்ஷாட், பேரெல்லாம் மறைச்சு. மூணாவதா இருக்கிறது, "ஃபிட் செம ப்ரோ, மறுபடியும் சைக்கிள் ஏறப் போறேன்", ரெண்டு ஹார்ட். அது நான்தாங்க.