பன்னா கோட்டாவுக்கு அகர் அகர் தூள்: வாங்கலாமா, எவ்வளவு போடலாம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பன்னா கோட்டா செய்ய ஆசைப்படுகிறவர்கள், அதுவும் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று நம்ம பக்கத்து வெயிலில் இருக்கிறவர்கள், ஜெலட்டின் தேடி அலைய வேண்டாம். கேக் சாமான் விற்கிற கடைகளில் வெள்ளைத் தூளாகக் கிடைக்கிற, கடல்பாசியிலிருந்து எடுக்கிற அகர் அகர் போதும், நல்லாவே வரும். ஆனால் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிற அளவை அப்படியே போட்டால் வராது. பொருளில் குறை இல்லை, அளவில்தான் குறை. இந்த மதிப்புரையில் பாதிக்கு மேல் அந்த அளவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பன்னா கோட்டா இத்தாலியின் வடமேற்கில் இருக்கிற பியட்மாண்ட் பகுதியின் இனிப்பு. க்ரீம், பால், சர்க்கரை, வெனிலா, உறைய வைக்க ஜெலட்டின், அவ்வளவுதான் சாமான். முட்டை கிடையாது, மாவு கிடையாது, ஓவன் வேண்டாம். மேலே ராஸ்பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி போல ஏதாவது புளிப்புள்ள பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சி ஊற்றுவார்கள், இல்லையென்றால் கேரமல். சாமான் இவ்வளவு குறைவாக இருப்பதால் ஒளித்துவைக்க இடமே இல்லை. கிண்ணத்தை விரலால் தட்டினால் மொத்தமும் ஆட வேண்டும், ஸ்பூன் இறங்கும்போது தடை தெரியக்கூடாது, வாயில் போட்டால் மெல்ல வேலை இருக்கக்கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் வெள்ளையாக, குளுகுளுவென்று மட்டும் இருந்தால் அது பால் ஜெல்லி. கல்யாண பஃபேக்களில் இந்தப் பெயரில் வைக்கிற பலதும் அந்த ரகம்தான், பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஜெலட்டின் ஏன் வேண்டாம் என்கிறேன்? அது மாட்டு எலும்பு, தோல், பன்றித்தோல் இவற்றிலிருந்து எடுப்பது. பாக்கெட்டில் அசைவக் குறி இருக்கும். எங்கள் வீடு கறிச் சாப்பாடு வீடுதான், ஆனால் செவ்வாய், வெள்ளி, கார்த்திகை என்று அடுப்பில் அசைவம் ஏறாத நாட்கள் இருக்கின்றன, விருந்தாளிகள் வருவதும் பெரும்பாலும் அந்த மாதிரி விசேஷ நாட்களில்தான். அப்பத்தா கிண்ணத்தைக் கையில் வாங்கினதும் கேட்ட முதல் கேள்வி, “ஆத்தா, இதுல முட்டை போட்டிருக்கியா?” என்பதுதான். “இல்ல அப்பத்தா, பாலும் க்ரீமும் கடல்பாசியும்தான்” என்றேன். “அப்ப வெள்ளிக்கிழமையும் செய்யலாம்” என்று ஸ்பூனை எடுத்துக்கொண்டார்கள். ஜெலட்டின் போட்டிருந்தால் அந்தப் பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது.

இரண்டாவது காரணம் சூடு. ஜெலட்டின் 30-லிருந்து 35 டிகிரிக்குள் இளகிவிடும். நம் உடம்புச் சூடு அதைவிடக் கூட, அதனால்தான் ஜெலட்டின் போட்ட பன்னா கோட்டா நாக்கில் பட்டதும் கரைகிறது. அதன் அழகே அதுதான், மறுக்கவில்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் நம்ம ஊர் முகப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது வெயில் 38, 39 என்று நிற்கிறதே, தட்டில் கவிழ்த்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்து முடிப்பதற்குள் ஓரம் இறங்கிப் பாலாக ஓட ஆரம்பித்துவிடும். நடுவில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். அகர் அகர் ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி தாண்டினால்தான் திரும்ப உருகும். எந்த வெயிலும் அதை அசைக்காது.

அகர் அகர் நமக்குப் புதிய பொருளும் இல்லை. நோன்பு திறக்கும்போது பாலில் காய்ச்சி, உறைய விட்டு, வில்லை போட்டுக் கொடுக்கிற கடல்பாசியைத் தொண்டி, இளையான்குடிப் பக்கம் சாப்பிடாதவர் இருக்க மாட்டார்கள். மன்னார் வளைகுடாவில் மண்டபம், ராமேஸ்வரம் கடலோரப் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதைத்தான் தயாரிக்கிறார்கள். கடலில் இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, பாறையில் கையை அறுத்துக்கொண்டு எடுக்கிற சரக்கு. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று நூல் நூலாகப் பொட்டலத்தில் தொங்குவதும் இந்தப் பொருள்தான்.

சரி, நூலா தூளா? தூள். நூல் எல்லா ஊரிலும் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது, ஆனால் அரை மணி நேரம் ஊற வைக்கணும், அப்புறம் தண்ணீரில் கரைகிற வரை பக்கத்திலேயே நின்று கிண்டணும், வடிகட்டினாலும் ஒன்றிரண்டு இழை தப்பித்துப் போய் நாக்கில் தட்டும். அதைவிடப் பெரிய சங்கடம் வாசனை. கொஞ்சம் பழைய பொட்டலமாக இருந்தால் கடல் வாடை லேசாக வரும். ரோஸ் எசன்ஸோ ஏலக்காயோ போட்ட கடல்பாசியில் அது தெரியாது, வெறும் க்ரீமும் வெனிலாவும் இருக்கிற இடத்தில் பளிச்சென்று தெரியும். நூல்தான் கிடைக்கிறது என்றால் வெள்ளையாக, பளபளப்பாக இருப்பதை எடுங்கள், மஞ்சள் ஏறினது வேண்டாம். தூளில் இந்த வேலைகள் எதுவும் இல்லை. வாங்கும்போது பின்பக்கம் சாமான் பட்டியலை மட்டும் படித்துவிடுங்கள், அகர் அகர் என்று ஒன்றே ஒன்று இருக்கணும். சர்க்கரை, வண்ணம், எசன்ஸ் எல்லாம் கலந்து ஜெல்லி மிக்ஸாக விற்பதும் அதே அலமாரியில் அதே மாதிரி டப்பாவில் இருக்கும்.

இப்போது அளவு. நான் வாங்கிய நூல் பொட்டலத்தில் 10 கிராமுக்கு ஒரு லிட்டர் பால் என்று போட்டிருந்தது. வில்லை போடுகிற கடல்பாசிக்கு அது சரியான அளவு, கத்தி வைத்தால் விளிம்பு நிற்கணுமே. அதே அளவில் பன்னா கோட்டா செய்தால் ஆத்தங்குடிக் கல் மாதிரி வழவழவென்று, விறைப்பாக இருக்கும். பன்னா கோட்டாவுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அரை லிட்டர் கலவைக்கு 1 கிராம் தூள். கிண்ணத்திலிருந்து கவிழ்த்துத் தட்டில் நிறுத்தணும் என்றால் ஒன்றரை கிராம், அதற்கு மேல் போகாதீர்கள். 1 கிராம் என்பது தட்டையாக அரை டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு, ஆனால் ஸ்பூனை நம்பாதீர்கள், அரைக் கிராம் கூடினாலே பதம் மாறிவிடுகிற பொருள் இது. 0.1 கிராம் வரை காட்டுகிற குட்டி டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காபித் தூளுக்கும் ஆகும், ஈஸ்ட்டுக்கும் ஆகும்.

டப்பாவுக்கு டப்பா வலுவும் மாறுகிறது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒரு எவர்சில்வர் தட்டை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, கலவை தயாரானதும் ஒரு ஸ்பூன் அதில் ஊற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். விரலால் தள்ளினால் மேலே லேசாகச் சுருங்கி, உள்ளே தளதளவென்று இருந்தால் சரி. ரப்பராகத் துள்ளினால் கொஞ்சம் பால் சேர்த்து இன்னொரு தரம் சூடாக்குங்கள். ஓடினால் ஒரு சிட்டிகைத் தூளைக் கால் டம்ளர் பாலில் தனியாகக் கொதிக்க வைத்துச் சேருங்கள். கிண்ணத்தில் ஊற்றுவதற்கு முன்னாலேயே விஷயம் தெரிந்துவிடும்.

தூள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் க்ரீம் சரியில்லை என்றால் எல்லாம் வீண். இத்தாலியில் இதற்குப் போடுகிற க்ரீமில் கொழுப்பு 35 சதவீதம் இருக்கும். நம்ம ஊரில் சுலபமாகக் கிடைக்கிற அமுல் ஃப்ரெஷ் க்ரீமில் 25 சதவீதம். அதில் 300 மில்லி, ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 200 மில்லி, அதில் 6 சதவீதம் கொழுப்பு, கலந்தால் மொத்தம் கிட்டத்தட்ட 17 சதவீதத்துக்கு வரும். அது தாராளமாகப் போதும், வாயில் நல்ல வழுவழுப்பு இருக்கும். கேக்குக்கு அடிக்கிற விப்பிங் க்ரீம் என்று கடைகளில் உறைய வைத்து விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவை தாவர எண்ணெயில் செய்தவை, சர்க்கரையும் ஏற்கெனவே கலந்திருக்கும். “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்று ஒரு கடையில் என்னிடம் அழுத்திச் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒன்று இல்லவே இல்லை. சாப்பிட்டு முடித்தபின் மேலண்ணத்தில் மெழுகு தடவினது போல நிற்கிறது, தண்ணீர் குடித்தாலும் போகாது. வீட்டுப் பாலாடை சேர்த்துவைத்து அடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அது திரிதிரியாக நிற்கும், மிக்ஸியில் கொஞ்சம் கூட ஓடினால் வெண்ணெயாகிவிடும். நெய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறையில் ஒரே ஒரு இடம்தான் கவனம். தூளை ஆறின பாலில் தூவிக் கலக்கி, 5 நிமிடம் விட்டு, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே கொதி வந்தபின் இரண்டு நிமிடம் முழுசாகக் கொதிக்க விடணும். சூடான பாலில் தூவினால் கட்டி தட்டும், கொதி வந்ததும் இறக்கினால் முழுக்கக் கரையாது. பக்கத்து அடுப்பில் க்ரீமையும் 60 கிராம் சர்க்கரையையும் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், கொதிக்க வேண்டாம். இந்த க்ரீம் சூடாக இருப்பதுதான் முக்கியம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த க்ரீமை அகர் கலந்த பாலில் ஊற்றினால், அகர் 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் உறைகிற பொருளாச்சே, அந்த இடத்திலேயே பொடிப்பொடியாகத் திரண்டுவிடும். இரண்டும் சூடாக இருக்கும்போது கலந்து, வெனிலா விட்டு, வடிகட்டி ஊற்றுங்கள். மே மாதப் பகலில் நம்ம சமையற்கட்டே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில் இருப்பதால் மேடையில் வைத்தால் உறைய ரொம்ப நேரம் எடுக்கும். ஒரு தாம்பாளத்தில் பானைத் தண்ணீர் ஊற்றி அதில் கிண்ணங்களை வையுங்கள், பதம் பிடித்தபின் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம். கிண்ணம் வேண்டும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் சின்னச் சின்னப் பீங்கான் கோப்பைகள் தேடிப் பாருங்கள், வெள்ளைக்கு வெள்ளை அவ்வளவு அழகு.

பழத்துக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஸ்ட்ராபெர்ரி நம்ம ஊருக்கு வந்துசேரும்போது பாதி உயிர் போயிருக்கும், அதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஆனி, ஆடியில் கூடையில் வைத்து விற்கிற நாவல்பழம் இதற்கென்றே பிறந்தது. 200 கிராம் சதையைக் கொட்டை நீக்கி எடுத்து, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கால் டம்ளர் தண்ணீர் விட்டு ஏழெட்டு நிமிடம் காய்ச்சி மசித்து, இறக்கும்போது ஒரு சிட்டிகை உப்பும் நாலு சொட்டு எலுமிச்சையும். உப்பை விட்டுவிடாதீர்கள், நாவல்பழத்தைச் சும்மாவே உப்புத் தொட்டுத்தானே தின்கிறோம். அந்தத் துவர்ப்பு க்ரீமின் திகட்டலை வெட்டிவிடுகிறது, வெள்ளை மேல் ஊதா இறங்குகிற நிறமும் சேர்ந்துகொள்கிறது. முழுக்க ஆறினபின் ஊற்றுங்கள். மாம்பழம் என்றால் காய்ச்ச வேண்டாம், பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் போதும். ஆலங்குடிப் பக்கத்துப் பலாச்சுளையையும் போட்டுப் பார்த்தேன், வாசனை க்ரீமை முழுக்க விழுங்கிவிட்டது, எனக்கு வேண்டாம்.

அகர் அகர் இன்னொரு இடத்திலும் ஜெலட்டினை ஜெயிக்கிறது. பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி இவற்றில் புரதத்தைச் சிதைக்கிற நொதி இருக்கிறது. ஜெலட்டின் புரதம், அதனால் இந்தப் பழங்களைப் பச்சையாக மேலே வைத்தால் தொட்ட இடமெல்லாம் இளகிவிடும். அகர் மாவுச்சத்து இனம், அதற்கு ஒன்றும் ஆகாது. பொடியாக நறுக்கின அன்னாசியை அப்படியே வைத்துப் பரிமாறலாம். புளிப்புச் சாறை மட்டும் அகரோடு சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள், பிடிமானம் குறைந்துவிடும்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஜெலட்டின் போல வாயில் உருகாது, 1 கிராம் அளவில் செய்தால் தானாகக் குலைந்துபோகும், அவ்வளவுதான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நாக்குக்கு வித்தியாசம் தெரியும். அப்புறம் அகர் தண்ணீர் விடும். மறுநாள் ஓரத்தில் லேசாக ஈரம் கட்டும், இரண்டாம் நாள் ஸ்பூன் பட்ட இடத்தில் தேங்கும். அதனால் முந்தின நாள் ராத்திரி செய்து மறுநாள் காலி பண்ணுகிற கணக்கில் செய்யுங்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, உருகும்போது தண்ணீர் தனி, சக்கை தனி.

விலை கிராம் கணக்கில் பார்த்தால் கூடுதலாகத் தெரியும். ஆனால் 50 கிராம் டப்பாவில் அரை லிட்டர் வீதம் 50 தடவை செய்யலாம், ஒரு தடவைக்கு நாலைந்து கிண்ணம். தூளுக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண், நூலுக்கு மூன்று. ஈரம் படாமல் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி வையுங்கள், நம்ம பக்கம் ஐப்பசி மழையில் திறந்து கிடந்தால் கட்டி பிடித்து, தராசில் நிறுத்தாலும் அளவு சரியாக வராது.