தண்ணி குடிச்ச வேனும் சிவகங்கை கன்ஸ்யூமர் கோர்ட்டும்

நான் காரைக்குடியில் பலகாரம் போட்டுக் கொடுக்கிறவள். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று கல்யாணச் சீருக்குச் செய்து, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை வரைக்கும் டின் டின்னாகக் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதற்காக 2024 மே மாதம் திருச்சியில் ஒரு பழைய கார் கடையில் 2018 மாடல் மாருதி ஈகோ வேன் வாங்கினேன். விலை 3,35,000 ரூபாய். கடையின் பெயரை எழுதவில்லை. பேசி முடித்தபோது பெயரை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறேன்.

வண்டி சென்னைப் பதிவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் கார்கள் தண்ணீரில் நின்றதை டிவியில் பார்த்திருந்தோம். அதனால் வாங்குவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் நேராகவே கேட்டேன்: “வெள்ளத்தில் மாட்டிய வண்டியா?” “இல்லக்கா, ஒரு சொட்டு தண்ணி படாத வண்டி, நான் கேரண்டி” என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

மூன்று மாதம் ஓடியது. ஹார்ன் சில நேரம் தானாக அடிக்கும், மீட்டரில் விளக்கு மினுக்கும். சின்ன வயரிங் கோளாறு என்றுதான் நினைத்தோம். ஆவணி முகூர்த்தத்துக்குக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்கு விடிவதற்குள் பலகாரம் போய்ச் சேர வேண்டும். கோட்டையூர் தாண்டியதும் இன்ஜின் அப்படியே நின்றுவிட்டது. மணி நாலரை இருக்கும். பதினெட்டு டின்னோடு நானும் என் வீட்டுக்காரரும் ரோட்டோரத்தில் நின்றோம். ஒரு பால் வண்டிக்காரத் தம்பி ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார். அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் வாசலில் சீர்த் தட்டுகள் காலியாகக் காத்திருந்ததைப் பார்த்த வேதனை இன்னும் போகவில்லை.

எங்கள் மெக்கானிக் தம்பி முன் சீட்டைத் தூக்கினார். ஈகோவில் இன்ஜின் அந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. வயர்கள் சேரும் கப்ளரைக் கழற்றினால் உள்ளே பச்சையாகக் களிம்பு. தரை விரிப்பை உரித்தால் அடியில் காய்ந்த வண்டல், சீட் ரெயிலில் துரு. கடைசியாக ஒரு காரியம் செய்தார். சீட் பெல்ட்டைச் சுருளிலிருந்து முழுசாக வெளியே இழுத்தார். நாம் தினமும் இழுக்கிற நீளம் வரைக்கும் சுத்தமாக இருந்தது. அதற்கு அப்புறம் பழுப்பாக ஒரு கோடு, தண்ணீர் நின்ற மட்டம். “அக்கா, இது தண்ணி குடிச்ச வண்டி” என்றார்.

கடைக்கு போன் போட்டால் “சார் வெளிய போயிருக்காரு”. பத்து நாள் கழித்துக் கிடைத்தவர், “ரசீதில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம், பழைய வண்டின்னா அப்படித்தான்” என்று வைத்துவிட்டார். இந்த இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் இரண்டு நாள் அழுதேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கோர்ட் சிரஸ்தார் (கோர்ட் அலுவலகத்தைக் கவனிக்கும் அலுவலர்) ஒருவர் இருக்கிறார். அவர்தான் வண்டிக் காகிதம் எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பச் சொன்னார்.

கடைக்காரர் கொடுத்த ஃபைலிலேயே சாட்சி இருந்தது. 2023 மார்ச் இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 50 சதவீதம். 2024 மார்ச்சில் புதுப்பித்த பாலிசியில் பூஜ்யம். ஐந்து வருஷம் கிளெய்ம் வாங்காமல் சேர்த்த போனஸ் ஒரே வருஷத்தில் பூஜ்யம் ஆகியிருக்கிறது என்றால், நடுவில் யாரோ கிளெய்ம் வாங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வரும். அந்த நடுவில்தான் டிசம்பர் வெள்ளம். பழைய வண்டி வாங்கும் யாரும் இந்த இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர் (வண்டிச் சேதத்தை மதிப்பிடுகிறவர்) ஒருவரை வரவழைத்து, 3,500 ரூபாய் கொடுத்து, படங்களோடு அறிக்கையும் வாங்கினேன்.

அப்புறம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். வக்கீல் இல்லை, என் கையெழுத்துதான். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், படிவம் 29பி என்பார்கள். “உங்கள் சான்றின் நகல் கொடுங்கள்” என்று சிரஸ்தார் ஐயா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பதில் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனிலும் பதிந்தேன். மரியாதையாகப் பேசினார்கள், கடைக்குத் தகவல் அனுப்பினார்கள், கடைக்காரர் அசையவில்லை. கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்டில், புகார் கொடுத்தது அக்டோபரில். விற்றவர் திருச்சியில் இருக்கிறார், நான் அங்கே போக வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். அவர்தான் இங்கே வர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. எனக்குச் செலவானது நோட்டரி, ஜெராக்ஸ், பஸ் காசு. வாட்ஸ்அப் படங்களுக்கு, இது என் போனில் எடுத்தது என்று சான்று இணைக்கச் சொன்னார் ஐயா. 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் அது வருகிறது. அலுவலகத்தில் இருந்த அம்மா பக்க எண் போடாததைக் காட்டி, அங்கேயே உட்கார்ந்து போடச் சொன்னார். திருப்பி அனுப்பவில்லை. அதற்கு நன்றி.

எதிர்தரப்புக்குப் பதில் மனு போட 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கடைக்காரரின் வக்கீல் அந்தக் கடைசி நாட்களில் வந்து சேர்ந்தார். வந்தவர் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. “இவர் வியாபாரம் செய்கிறவர், வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, இவர் நுகர்வோரே இல்லை” என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அடுப்படியில் நிற்கிற என்னைக் கம்பெனி முதலாளி மாதிரி நிறுத்திவிட்டாரே என்று இருந்தது.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிய பொருள் என்றால் அது ‘வணிக நோக்கம்’ ஆகாது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனமும் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸும் மோதிய வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. தானே ஓட்டுகிறவர் உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். வேனை ஓட்டுவது என் வீட்டுக்காரர், பலகாரம் போடுவது நான், உதவிக்கு இரண்டு பெண்கள். இதை ஒரே பக்கத்தில் எழுதி, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவையும் இணைத்துக் கொடுத்தேன். ‘உள்ளது உள்ளபடி’ என்பதற்கும் பதில் எழுதினேன்: உள்ளதை மறைத்துவிட்டு உள்ளபடி என்று சொல்ல முடியாது. தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது.

அதற்குப் பிறகு வாய்தாக்கள். சட்டத்தில் மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று இருக்கிறது. கடைக்காரர் தரப்பு கேட்ட வாய்தாக்களால் எனக்கு ஒன்பது மாதம் ஆனது. ஒவ்வொரு தடவையும் கல்லல் வழியாகப் பஸ் பிடித்துப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வருவேன். அன்றைக்கு அடுப்பு எரியாது. இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

2025 ஜூலையில் சமரசத்துக்கு இருவரும் சம்மதமா என்று கேட்டார்கள். கடைக்காரர் முதலில் சொன்னது ஒரு லட்சம். நான் எழுந்துவிட்டேன். படிவம் 29பி கேள்விக்கு அவரிடம் பதிலே இல்லை. சர்வேயர் அறிக்கையை அவருடைய வக்கீல் இரண்டு தடவை படித்தார். மத்தியானம் மூன்று மணிக்கு 3,10,000 ரூபாய், வேனை அவரே வந்து எடுத்துக்கொள்வது, இரண்டு தவணை, இரண்டும் டிமாண்ட் டிராஃப்ட் என்று எழுதிக் கையெழுத்தானது. அதை ஆணையம் உத்தரவாகவே பதிவு செய்தது.

25,000 ரூபாய் விட்டுக்கொடுத்தது தப்பு என்று என் தம்பி இன்னும் சொல்கிறான். நஷ்ட ஈடும் கிடைத்திருக்கும், தீர்ப்பு வரை போயிருக்கலாம் என்கிறான். ஆனால் தீர்ப்பு வந்தால் அவர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். பாதிப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்றாலும் எனக்கு இன்னொரு வருஷம் போயிருக்கும். தை முகூர்த்தத்துக்கு வண்டி வேண்டும். நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

கடைக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்க மாட்டேன். சிவகங்கை ஆணையத்துக்கு நான்கு. வக்கீல் இல்லாமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை ஒரு தடவைகூட அவசரப்படுத்தாமல் பேசவிட்டார்கள்.

இரண்டாவது தவணை பதினோரு நாள் தாமதமாக வந்தது. உத்தரவை மதிக்காவிட்டால் நுகர்வோர் சட்டத்தின் 72-வது பிரிவில் சிறைத் தண்டனை வரை உண்டு என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் கூரியரில் டிராஃப்ட் வந்துவிட்டது. இப்போது தேவகோட்டையில் ஒருவர் தன் சொந்த வேனை விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் தம்பியைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகிறோம். இரண்டு வருஷ இன்சூரன்ஸ் காகிதத்தையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.