பேன்டம் முட்டையை இன்குபேட்டரில் வைக்கிறவர்களுக்கு

வீட்டில் நாலைந்து பேன்டம் (குட்டி ஜாதி) கோழி நிற்கிறது, முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் மெஷின் தேடுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது முட்டைக்கும் ஊர்க்காற்றுக்கும் காட்ட வேண்டும். கடலூரில் குட்டைக் கால் ஜப்பான் பேன்டமும் கொஞ்சம் சிறுவிடை நாட்டுக்கோழியும் வைத்துக்கொண்டு சில வருடங்களாக மெஷின் ஓட்டுகிறேன். பொரிப்பு குறைகிறபோது காரணம் தேடினால் மெஷினில் போய் நிற்பது அபூர்வம்.

என்னிடம் இருப்பது உள்ளே ஃபேன் சுற்றும், முட்டையைத் தானே திருப்பும் சின்ன பிளாஸ்டிக் மெஷின். தெர்மோகோல் பெட்டியில் பல்பு, கம்ப்யூட்டர் ஃபேன், சூட்டைக் கட்டுப்படுத்தும் டபிள்யூ1209 போர்டு மாட்டி வீட்டிலேயே செய்ததையும் நண்பர் வீட்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பொரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. முட்டை திருப்புகிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும் டிஸ்ப்ளேயில் தெரியும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஃபேன் உள்ள மெஷினுக்கு 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதாவது 99.5 ஃபாரன்ஹீட். இதைச் சரிபார்க்க வீட்டில் இருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டரே போதும், அது துல்லியமாகக் காட்டுவதே இந்தச் சூட்டு அளவில்தான். மெஷின் காட்டும் எண் அரை டிகிரி தள்ளியிருந்தால் செட்டிங்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சூடு கூடிப்போனால் குஞ்சு முன்கூட்டியே வந்து தொப்புள் சரியாக மூடாமல் நிற்கும். குறைந்தால் பொரிப்பு நாள்கணக்கில் இழுக்கும். ஈரப்பதம் காட்டும் மீட்டருக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி நிற்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். விலை மலிவான மீட்டர்கள் இதில் தாராளமாகத் தவறும்.

ஈரப்பதம் என்றால் எல்லாரும் மெஷினோடு வரும் காகிதத்தைப் பார்த்துத் தட்டில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். முதல் 18 நாளுக்கு 45 முதல் 55, கடைசி மூன்று நாளுக்கு 65 முதல் 70 என்பது பொதுக்கணக்கு. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊரில் சுவரே வியர்க்கும். அந்த நாட்களில் மெஷினுக்குள் ஒரு சொட்டு ஊற்ற வேண்டியதில்லை. ஊற்றினால் முட்டையிலிருந்து வெளியேற வேண்டிய நீர் வெளியேறாது, முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை சிறுத்துப்போகும், முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே முட்டி நிற்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் தை மாசியில் கதையே வேறு, அங்கே தட்டு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் நான் மீட்டரைவிட எடையை நம்புகிறேன். நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். 32 கிராம் பேன்டம் முட்டை என்றால் கிட்டத்தட்ட 4 கிராம். அதைவிடக் குறைவாக இழந்தால் தண்ணீரை நிறுத்த வேண்டும், அதிகமாக இழந்தால் ஊற்ற வேண்டும்.

மெஷினின் தட்டு பண்ணை முட்டை அளவுக்குச் செய்தது. பேன்டம் முட்டை அதில் ஆடும், திருப்பும்போது கூர்முனை மேலே போய்விடும். அட்டையை மடித்துச் செருகினால் சரியாகிவிடும். நாள் கணக்கும் கொஞ்சம் மாறும். பேன்டம் பெரும்பாலும் 19, 20ஆம் நாளிலேயே ஓட்டைக் கொத்த ஆரம்பித்துவிடுகிறது, சிறுவிடை 21 வரை போகும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் பேன்டம் கணக்குக்கு 17ஆம் நாளே திருப்புவதை நிறுத்திவிடுங்கள். நடுவில் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதைவிட அது பரவாயில்லை.

ஜப்பான் பேன்டம் வளர்ப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. விற்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. அந்தக் குட்டைக் கால் ஒரு மரபணுவால் வருவது. குஞ்சுக்கு அது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் கரு ஆரம்ப நாட்களிலேயே செத்துவிடும். குட்டைக் கால் சேவலையும் குட்டைக் கால் பெட்டையையும் சேர்த்தால் சராசரியாகக் கால்வாசிக் கரு இப்படிப் போகும். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்திக்கால் போல நரம்பு விரிந்திருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரியும். உடனே மெஷினில் சூடு சரியில்லை, முட்டை பழசு என்று சண்டை போடுவார்கள். இரண்டுமே காரணம் இல்லை. இதே ஜாதியில் அங்கங்கே கொஞ்சம் உயரமான காலோடு பிறப்பவை இருக்கின்றன, கண்காட்சிக்கு ஆகாது என்று அவற்றை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். அப்படி ஒரு பெட்டையைக் குட்டைக் கால் சேவலோடு விட்டால் அந்தச் சாவு இல்லை. குஞ்சுகளில் பாதி குட்டைக் கால், பாதி நெட்டைக் கால். எண்ணிப் பார்த்தால் கையில் நிற்கும் குட்டைக் கால் குஞ்சு குறைவதுமில்லை: நூறு நல்ல முட்டையில் இரண்டும் குட்டைக் காலான ஜோடிக்கும் ஐம்பதுதான் (இருபத்தைந்து செத்துப்போகும், இருபத்தைந்து நெட்டைக் கால்), இந்த ஜோடிக்கும் ஐம்பதுதான்.

முட்டை சேர்த்து வைப்பதில் நம் ஊர் வெயில்தான் எதிரி. ஏழு நாளைக்கு மேல் சேர்க்க வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். கத்திரி வெயிலில் அறையில் வைத்த முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துவிடும், அப்புறம் அது தேறாது. வீட்டிலேயே குளிர்ந்த மூலை பார்த்து, மண்பானைக்குப் பக்கத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கிறேன். மே மாதத்தில் முட்டை வைப்பதையே விட்டுவிட்டேன். பஸ் பார்சலில் வரும் முட்டைக்கு ஆசைப்படுகிறவர்கள் பாதி தேறினால் போதும் என்ற மனதோடு வாங்குங்கள். குலுங்கியதில் காற்றறை இடம் பெயர்ந்திருக்கும். வந்ததும் மெஷினுக்குள் போடாமல் ஒரு நாள் முழுக்க அசையாமல் நிற்கவைத்தால் கொஞ்சம் மீளும்.

கரண்ட் கட் பயம் எல்லாருக்கும் இருக்கிறது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போனால் பதற வேண்டாம், மூடியைத் திறக்காமல் மேலே ஒரு போர்வை போடுங்கள். தாய்க்கோழியும்தான் தீனிக்கு எழுந்து போகிறது. புயல் காலத்தில் நாள்கணக்கில் கரண்ட் வராத ஊர் எங்களுடையது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் மழைக்காலத்தில் முட்டை வைக்க வேண்டாம். கரண்ட் செலவு பெரிதில்லை. நூறு வாட் ஹீட்டர் பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 1.2 யூனிட், 21 நாளுக்கு 25 யூனிட் சுற்றி வரும்.

ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகுதான் பொறுமை வேண்டும். மூடிக்குள் காது வைத்தால் கீச் கீச் என்று கேட்கும், விரிசலில் சின்ன மூக்கு முனை ஏறி இறங்கும், பிறகு மணிக்கணக்கில் சத்தமே இருக்காது. செத்துவிட்டது என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் உள்ளே மீதி மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடுகிறது, சவ்வில் ஓடும் ரத்தம் வற்றுகிறது. பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும், அதைவிட அதிகமானாலும் கை வைக்காதீர்கள். அவசரப்பட்டு உரித்தால் சவ்விலிருந்து ரத்தம் வரும். தானாக வருகிற குஞ்சு மூக்கால் ஓட்டைச் சுற்றி வட்டமாக வெட்டிக்கொண்டே வந்து, கடைசியில் தலையால் மூடியைத் தள்ளும். வந்ததும் ஈரத்தோடு அப்படியே கிடக்கட்டும். உள்ளே இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், தீனிக்கு அவசரம் இல்லை.

முட்டை எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் குஞ்சு. 32 கிராம் முட்டையில் வருவது 20 கிராம் சொச்சம். அதனால் பண்ணைக் குஞ்சுக்கு ஆகிறதெல்லாம் இதற்கு ஆகாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் மூழ்கிச் சாகும். ஸ்டார்ட்டர் தீவனத்தையும் கொஞ்சம் இடித்துத்தான் வைக்க வேண்டும். கீழே வெறும் பேப்பர் விரித்தால் கால் வழுக்கி அகன்று முடமாகிவிடும், துணியோ உமியோ போடுங்கள். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் எலிக்குத்தான் விருந்து.

சூட்டுக்குப் பழைய குண்டு பல்புதான் நல்லது, இப்போது கடையில் கேட்டால் எல்இடியை நீட்டுகிறார்கள். அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. கிடைக்கிறபோது நாலு குண்டு பல்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் 95 ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்து குறைக்க வேண்டும் என்பார்கள். நான் குஞ்சைத்தான் பார்க்கிறேன். பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாய் திறந்தால் சூடு. சித்திரையில் பகலில் பல்பே வேண்டியதில்லை.

மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குள் உமி ஈரமானால் ரத்தக்கழிச்சல் வரும், மருந்தைவிடக் காய்ந்த உமி முக்கியம். வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து கண்ணில் சொட்டு, நாலு வாரம் வாக்கில் இன்னொரு முறை. சின்ன வளர்ப்பாளர்களுக்கு இதில்தான் தலைவலி: குப்பி நூறு கோழிக்கு வரும், கலக்கினால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்கிறோம். எட்டு வாரம் தாண்டியவற்றுக்கு அரசு கால்நடை மருந்தகத்தில் பிப்ரவரி முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள்.

மெஷின் எப்படித் தாங்கியது என்றால், ஃபேன் கரகரக்க ஆரம்பித்து ஒரு முறை மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு பொரிப்புக்கும் பிறகு குஞ்சின் மயிர்த்தூள் அதில் சுற்றிக்கொள்வதுதான் காரணம், பிரஷ் போட்டுத் தட்ட வேண்டும். மூடியின் கொக்கி ஒன்று உடைந்து ரப்பர் பேண்டில் நிற்கிறது. சென்சார் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு முறை முட்டை வைக்குமுன்னும் காய்ச்சல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன்.

எதிர்வீட்டு அக்கா இன்னும் கேட்கிறார், "ஏன் தம்பி, உன் பெட்டைங்களே தெனம் அடைக்கு உக்காருதே, இதுக்கு எதுக்கு கரண்ட்டு?" நியாயமான கேள்வி. பேன்டமும் சிறுவிடையும் அடைகாப்பதில் கெட்டி, அடையில் உட்கார்ந்த பெட்டைக்கு மெஷின் ஈடே இல்லை. ஆனால் அடையில் உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும், ஒரு பேன்டம் ஏழெட்டு முட்டைக்கு மேல் மூடாது. அதனால் இப்போது இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறேன். மெஷினில் முட்டை வைக்கிற அதே நாளில் அடைக்கோழிக்கும் நாலு முட்டை. பொரிந்த அன்றிரவு இருட்டில் மெஷின் குஞ்சுகளையும் அதன் இறக்கைக்கடியில் நுழைத்துவிட்டால் விடிந்ததும் எல்லாவற்றையும் தன்னுடையதாகவே கூட்டிக்கொண்டு போகிறது. பல்பு வேண்டாம், ராத்திரி எழுந்து பார்க்க வேண்டாம். குஞ்சுக்கு நாள் கூடிவிட்டால் மட்டும் இது நடப்பது கஷ்டம், சில பெட்டைகள் கொத்தித் துரத்திவிடும்.