கடலூர் 607001, புதுச்சேரி 605001

பஸ்ஸில் ஒரு மணி நேர தூரம். பின்கோடில் சரியாக 2,000 வித்தியாசம். தபால்காரருக்கு இரண்டும் ஆறு இலக்கம்தான். எண்ணாகப் பார்த்தால் குணமே வேறு.

புதுச்சேரி எண் சீக்கிரம் உடைந்துவிடும். இலக்கங்களைக் கூட்டினால் 12, அதனால் 3-ஆல் வகுபடும்: 3 × 201667. அந்த 201667 பகா எண். அவ்வளவுதான்.

கடலூர் எண் அப்படி மசியாது. இலக்கங்களைக் கூட்டினால் 14, 3 போயிற்று. 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் 10, 13-ஆல் 5. வர்க்கமூலம் 779-ஐச் சற்றே தாண்டுவதால், 773 வரையுள்ள 137 பகா எண்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். 607 வந்தபோது ஆசை காட்டியது: 607 × 1000 = 607000. ஒன்றே ஒன்று மிச்சம்! கடைசிவரை எதற்கும் வகுபடவில்லை. 607001 பகா எண்.

அப்புறம் இன்னொன்று. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக, ஒரே ஒரு விதத்தில் எழுதலாம் என்றார் கணித மேதை ஃபெர்மா. கடலூருக்கு அது 701² + 340² (491401 + 115600, கூட்டிப் பாருங்கள்). 605001-க்கும் மீதி 1 தான். ஆனால் உள்ளே ஒற்றை 3 உட்கார்ந்திருப்பதால் எப்படிப் பிரித்தாலும் அமையாது. ஃபெர்மா பிரெஞ்சுக்காரர். அவர் தேற்றமோ பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரை விட்டுவிட்டுக் கடலூர் பக்கம் சாய்கிறது.

சரி, வர்க்கங்களின் கழித்தல் என்றால் புதுச்சேரிக்கு இரண்டு வழி: 302501² − 302500², 100835² − 100832². கடலூருக்கு ஒன்றுதான்.