தில்லி வெயிலும் கேமிங் மடிக்கணினியும்: தூசி தட்டுவதா, பேஸ்ட் மாற்றுவதா, வேகத்தைக் குறைப்பதா?

கோயம்புத்தூரில் இரண்டு ஆண்டுகள் சிக்கலின்றி ஓடிய என் அக்காள் மகனின் கேமிங் மடிக்கணினி, அவன் படிப்புக்காகத் தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு வந்த முதல் மே மாதத்திலேயே திணறத் தொடங்கியது. விளையாட்டைத் திறந்து இருபது நிமிடம் ஆவதற்குள் விசிறிகள் இரைந்தன. விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. திரையில் காட்சி விட்டுவிட்டு நகர்ந்தது. பழுதுபார்க்கும் கடையொன்றில் கணினியைத் திறக்காமலேயே தெர்மல் பேஸ்ட், அதாவது சில்லின் வெப்பத்தை மேலுள்ள உலோகத் தகட்டுக்குக் கடத்தும் பசை, மாற்ற வேண்டும் என்றார்கள். நண்பர்கள் கணினிக்கு அடியில் வைக்கும் விசிறிப் பலகையான கூலிங் பேட் வாங்கச் சொன்னார்கள். அவனோ அண்டர்வோல்ட் செய்தால், அதாவது செயலிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்தால், போதும் என்று நம்பினான். இவற்றில் எதுவும் தவறான யோசனை அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கோளாறுக்கானது.

எந்தக் கோளாறு என்பதை வெப்பம் ஏறும் விதமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாட்டைத் தொடங்கினால், சில மடிக்கணினிகளில் செயலியின் (சிபியு) வெப்பம் ஓரிரு விநாடிகளிலேயே 95 டிகிரியைத் தாண்டும். வேறு சிலவற்றில் 75, 80 என்று மெல்ல ஏறி, கால் மணி நேரத்துக்குப் பிறகே உச்சத்தைத் தொடும். முதல் வகையில், சில்லுக்கும் அதன் மேல் அமர்ந்திருக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையிலான தொடர்பு கெட்டிருக்கிறது என்று ஐயுறலாம். அதாவது பேஸ்ட் காய்ந்திருக்கலாம் அல்லது ஓரங்களுக்கு ஒதுங்கியிருக்கலாம். இரண்டாம் வகையில் வெப்பம் தகடு வரை ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, ஆனால் பெட்டியை விட்டு வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. ஒரே ஓர் உணரியின் ஒரே ஓர் எண்ணை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் வானிலை நிலையத்தில் பதிவான 52.9 டிகிரியே, பின்னர் கருவிப் பிழையால் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று வானிலைத் துறையால் விளக்கப்பட்டது.

எங்கள் கணினி இரண்டாம் வகை. தில்லியில் பெரும்பாலான கேமிங் மடிக்கணினிகள் இந்த வகையில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஏப்ரல் முதல் ஜூன் வரை வீசும் ஆந்தி என்னும் புழுதிக்காற்றும், ஆண்டு முழுவதும் எங்காவது நடக்கும் கட்டுமான வேலையும் மூடிய சன்னலையும் மீறி வீட்டுக்குள் மாவு போன்ற தூசியைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்தத் தூசி விசிறி இதழ்களில் படிவதைவிட, விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகட்டு அடுக்குக்கும் இடையில் கம்பளித் துணி போலப் படிவதுதான் உண்மையான சிக்கல். வெளியிலிருந்து புளோயரால் ஊதினால் அந்தப் படலம் உடைந்து உள்ளே சிதறுமே தவிர முழுமையாக வெளியேறாது. ஆகவே அடிமூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்தவுடன் முதலில் பேட்டரியின் இணைப்பைத் தாய்ப்பலகையிலிருந்து விடுவிக்க வேண்டும். விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டே தூரிகையாலும் காற்றாலும் தூய்மைப்படுத்த வேண்டும்; காற்றின் வேகத்தில் விசிறியைத் தாறுமாறாகச் சுழல விட்டால் அதன் பேரிங் கெடும். முடிந்தால் விசிறியை அதன் திருகுகளிலிருந்து கழற்றி, தகட்டு அடுக்கின் உட்புறத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. நாங்கள் அப்படிப் பார்த்தபோது ஒரு பக்க அடுக்கில் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. செலவு ஒரு நல்ல திருப்புளியும் தூரிகையும் மட்டுமே; ஒரு மணி நேரம் போதும். உத்தரவாதக் காலம் முடியாத கணினி என்றால், மூடியைத் திறப்பதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும்.

பேஸ்ட் மாற்றுவது இதைவிட ஒரு படி கடினமானது. தகட்டை முழுமையாகக் கழற்ற வேண்டும், அதன் திருகுகளை எண் வரிசைப்படி தளர்த்தி அதே ஒழுங்கில் முறுக்க வேண்டும், பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைக்க வேண்டும். நினைவகச் சில்லுகளின் மேல் இருக்கும், வெப்பம் கடத்தும் மெத்தையான தெர்மல் பேட் கிழிந்துவிட்டால் அதே கனத்தில்தான் புதியது வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் தகடு செயலியின் மேல் சரியாக அமராமல், செய்த வேலை முழுவதும் வீணாகும். இதில் எந்தப் பொருளைத் தேர்வது என்பது தனிக் கேள்வி. எம்எக்ஸ்-4 போன்ற சாதாரண பேஸ்ட் மலிவானது, தடவ எளிதானது; ஆனால் மடிக்கணினியின் மேலுறையில்லாத சில்லு சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக ஓரத்துக்குத் தள்ளப்படுவதால், மாதங்கள் செல்லச் செல்லப் பழைய நிலை திரும்பிவிடும். ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 என்பது தாள் போன்ற பொருள். சுமார் 45 டிகிரியில் இளகி இடைவெளியை நிரப்புவதாலும், பேஸ்டைப் போல ஓரத்துக்கு எளிதில் ஒதுங்காததாலும், அடிக்கடி பிரிக்க விரும்பாதவருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். தில்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் வாங்குவதானால் போலிகளுக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். திரவ உலோகம் வெப்பத்தை மிகச் சிறப்பாகக் கடத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், ஒரு துளி தவறினால் தாய்ப்பலகையே போய்விடும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்யத்தக்க வேலை அதுவன்று. தயாரிப்பிலேயே திரவ உலோகம் வைத்து வரும் மாதிரிகளின் தகட்டையும் வீட்டில் கழற்றாமல் இருப்பதே நல்லது.

திருப்புளியே தேவைப்படாத வழிகளில் அண்டர்வோல்ட் என்பதே மிக நேர்த்தியானது. செயலி செலவிடும் மின்திறன் ஏறத்தாழ மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 1.20 வோல்ட்டை 1.12 ஆகக் குறைத்தாலே அதே வேகத்தில் சுமார் 13 விழுக்காடு மின்திறன் மிச்சமாகும்; வேகத்தை இழக்காமலேயே வெப்பம் குறையும். சிக்கல் என்னவென்றால், 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியான பிறகு, இன்டெல் செயலி கொண்ட பல மடிக்கணினிகளில் இந்த வசதி, கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ் நிலையிலேயே பூட்டப்பட்டுவிட்டது. எங்கள் கணினியிலும், மின்னழுத்தத்தை மாற்ற உதவும் திராட்டில்ஸ்டாப் மென்பொருளில் அந்தப் பகுதி பூட்டியே கிடந்தது. அக்காள் மகனின் முகம் வாடியது. அதற்கு மாற்றாகப் பலரும் செய்வது, விண்டோஸின் மின் அமைப்பில் செயலியின் உச்ச அளவை 99 விழுக்காடாக்கி, அடிப்படை வேகத்துக்கு மேல் செயலியை முடுக்கும் டர்போ பூஸ்டை நிறுத்துவது. வெப்பம் சட்டென்று இறங்கும், ஆனால் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடிய ஐ7-12700எச் செயலியின் முதன்மைக் கோர்கள் அப்போது தம் அடிப்படை வேகமான 2.3 அளவுக்கே இறங்கிவிடும் என்பதால், செயலியை நம்பியிருக்கும் விளையாட்டுகள் தளர்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவழியாக, செயலியின் மின்திறன் உச்சத்தை மட்டும் 45 வாட் அளவில் கட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பல மாதிரிகளில் செயலியும் கிராபிக்ஸ் சில்லும் வெப்பத்தைக் கடத்திச் செல்லும் ஒரே ஹீட் பைப்புகளைப் பகிர்வதால், ஒன்றின் சுமையைக் குறைத்தால் மற்றதற்கும் மூச்சு கிடைக்கும். நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரைக்காக நொடிக்கு 140 பிரேம் (படச்சட்டம்) வரை ஓடும் விளையாட்டை என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் 72க்கு வரம்பிடுவதும் இதே வகையானதுதான். கதை சொல்லும் விளையாட்டுகளில் அந்த வேறுபாடு எனக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிகிறதாம்.

கூலிங் பேட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிறு விசிறிகள் கொண்ட சாதாரண பேட் தருகிற பயனில் பெரும்பகுதியை, கணினியின் பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தாலே பெற்றுவிடலாம். நுரை விளிம்பால் அடிப்பக்கத்தை அடைத்துக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் பேட்கள் உண்மையாகவே பயன் தருபவை. ஆனால் இரைச்சலும் விலையும் மிகுதி, தூசி வடிகட்டி இல்லாத மாதிரி என்றால் புழுதியையும் சேர்த்தே உள்ளே தள்ளும். தில்லி வீடுகளின் நீர்க்கூலர் மே மாதத்தின் வறண்ட காற்றில் அறையை நன்றாகக் குளிர்விக்கும், அது கணினிக்கும் உதவும். அதன் நேர்வீச்சில் மட்டும் கணினியை வைக்கக்கூடாது, காற்றோடு நீர்த்துளியும் வரும். மழை தொடங்கி ஈரப்பதம் ஏறிய பிறகு கூலரால் பயனில்லை.

நாங்கள் முதலில் தூசியை நீக்கினோம், பிறகு மின்திறனுக்கும் பிரேமுக்கும் வரம்பிட்டோம். அத்தோடு திணறல் நின்றது. தகட்டைக் கழற்றவே இல்லை. மூடியைத் திறக்கும்போது பேட்டரி உப்பியிருப்பதோ, டச்பேட் மேடிட்டிருப்பதோ தெரிந்தால் மேற்சொன்ன எதையும் தொடாமல் சேவை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எதைச் செய்தாலும், செய்வதற்கு முன்னும் பின்னும் அறை வெப்பத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் 15 டிகிரி அறையில் 75 காட்டும் கணினி, வேறெதுவும் மாறாமலேயே 38 டிகிரி அறையில் 98 அளவுக்குப் போகும். ஜனவரியில் கூலிங் பேட் வாங்கியவர்கள் அதைப் புகழ்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.