குதிரைக் கண்ணுக்குப் பெயரில்லாச் சொட்டு மருந்து: கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பகுதியினர் கவனத்திற்கு

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுப் பகுதியில் ரேக்ளாவுக்காகவோ கோயில் விழாக்களுக்காகவோ குதிரை வளர்ப்பவர்கள், குதிரைக் கண் வைத்தியம் செய்வதாகச் சொல்லி எல்லைச் சாலையோரம் சொட்டு மருந்து விற்கும் ஒருவரிடம் ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் நாங்கள் வாங்கிவந்த மட்டக்குதிரைக்கு இன்று வலது கண் இல்லை.

முதலில் அந்தக் கண் பாதி மூடியே இருந்தது. இமை மயிர்கள் நேராக நிற்காமல் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன. கண்ணீர் வழிந்து கன்னத்து மயிர் ஒட்டிப்போயிருந்தது. கருவிழியின் மேல் நீலம் கலந்த மங்கல் படர்ந்திருந்தது. குதிரைக்குக் கண் வலிக்கிறது என்பதற்கு இமை மயிரின் சாய்வே நல்ல அடையாளம் என்று பின்னர் அறிந்தேன். அந்த மனிதரோ டார்ச்சை ஒருமுறை அடித்துப் பார்த்து, "பூ விழுந்திருக்கிறது, கரைத்துவிடலாம்" என்றார். பெயர்ச்சீட்டு சுரண்டப்பட்ட இரண்டு புட்டிகளுக்கு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒன்றை மணிக்கொரு முறை விடச் சொன்னார். பில் கேட்டதற்கு, பெங்களூர்ச் சரக்குக்குப் பில் கிடையாது என்று பதில் வந்தது.

சில நாட்களில் குதிரை தீனியை ஒதுக்கியது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுப்பதும் எழுவதுமாக இருந்தது. வந்து பார்த்த அரசு கால்நடை மருத்துவர் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, குடல் ஓசை மிகவும் அடங்கியிருப்பதாகவும், மணிக்கொரு முறை விட்ட மருந்து அட்ரோபினாக இருக்கலாம் என்றும் சொன்னார். கண்ணின் உள் அழற்சியில் கண்மணியை விரித்து வலியைத் தணிக்க அட்ரோபின் தேவையான மருந்துதான். ஆனால் குதிரைக்கு அது அளவு மீறினால் குடல் இயக்கம் மந்தமாகி வயிற்றுவலி வரும். உள்ளழுத்தம் ஏறிய கண்ணில் அதை விடலாமா என்பதையும் அளந்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இன்னொரு புட்டியின் ஓரத்தில் சுரண்டாமல் விடுபட்ட காகிதத்தில் "பிராஸ்ட்" என முடியும் எழுத்துகள் இருந்தன. மனிதர்களின் கண் அழுத்த நோய்க்கு (குளுக்கோமா) தரப்படும் அந்த வகை மருந்து குதிரைக்கு அழுத்தத்தைக் குறைப்பதில் நம்பத்தக்கதன்று என்பதோடு, அழற்சியையும் வேதனையையும் கூட்டவும் கூடும்.

குதிரைகளுக்குக் கண் அழுத்த நோய் பெரும்பாலும் உள் அழற்சியின் பின்விளைவாகவே வருகிறது. மீண்டும் மீண்டும் வரும் அந்த அழற்சியே குதிரைகள் பார்வை இழப்பதற்கு முதன்மைக் காரணம்; எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவுக்கும் அதில் பங்குண்டு. ஆகவே எந்த மருந்தையும் தொடுவதற்கு முன் இரண்டு சோதனைகள் நடந்தாக வேண்டும். ஃப்ளோரெசின் சாயப் பட்டையைக் கண்ணில் தொட்டுக் கழுவிய பின் பச்சை ஒட்டி நின்றால் அங்கே புண் இருக்கிறது என்று பொருள்; புண் இருக்கும்போது ஸ்டீராய்டு சொட்டு விட்டால் கருவிழிப் படலமே கரைந்து ஓட்டையாகலாம். அடுத்தது அழுத்தம் அளப்பது. குதிரைக்கு ஏறத்தாழ 15 முதல் 30 பாதரச மில்லிமீட்டர் வரை இயல்பு. தலை தாழ்ந்திருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் தலையை இதயத்திற்கு மேல் உயர்த்திப் பிடித்து அளக்க வேண்டும். அந்தக் கடையில் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை, செய்வதற்கான கருவியும் அங்கில்லை.

மருத்துவர் சாயம் இட்டுப் பார்த்தபோது பச்சை நிற்கவில்லை. அதன் பிறகே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டும், வலியையும் அழற்சியையும் தணிக்கும் புளூனிக்சினும் தொடங்கி, எங்களைத் திருச்சூர் அருகே உள்ள மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே கண் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டுகளான டிமோலாலும் டார்சோலமைடும் சேர்த்து விட்டும் அழுத்தம் இறங்கவில்லை. பார்வை போய் வலி மட்டுமே எஞ்சிய கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த பிறகு குதிரை பழையபடி கொள்ளு தின்கிறது. இந்த நோய் மறு கண்ணுக்கும் வரக்கூடும் என்பதால் அதைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறோம்.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவரே கால்நடைகளுக்கு மருத்துவம் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டபோது அவர் எங்களைக் கடையை விட்டு வெளியேறச் சொன்னார். கால்நடைத் துறையிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவரிடம் மருந்து வாங்கியவர்கள் மீதமிருப்பதைக் கண்ணில் விடாமல், புட்டியை எறியாமல் எடுத்துவைத்து, தங்கள் புகாரையும் எழுத்தில் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.