கத்தரிக்காய்க்காகவே வாங்கலாம்: வன்னிக் குசினியில் ஓர் எயார் பிரையர்

எயார் பிரையர் வாங்கலாமா என்று பாடசாலையில் உடன் படிப்பிக்கும் ஆசிரியைகள் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் வீட்டில் பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு எத்தனை நாளைக்கு ஒருமுறை வைப்பீர்கள்? வாரம் ஒருமுறையாவது வைப்பவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு பொரித்துக் கொடுக்கத்தான் என்றால், அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள் என்பேன்.

நான் வாங்கியது கிளிநொச்சியில், ஏ-9 வீதியோரம் உள்ள ஒரு மின்பொருள் கடையில். 25,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. சீனத் தயாரிப்பு, 4 லீற்றர் கூடை, 1500 வாட், முன்பக்கத்தில் இரண்டு திருகு குமிழ்கள்: ஒன்று வெப்பத்துக்கு, மற்றது நேரத்துக்கு. தொடுதிரை வைத்த விலை கூடியதும் பக்கத்திலேயே இருந்தது. குமிழ் வைத்ததை நான் எடுத்ததற்குக் காரணம் என் மாமி. நான் பாடசாலை முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர இரண்டு மணி தாண்டிவிடும். அதற்கு முன் பசியோடு வரும் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர் அவர். கண்ணாடி தேடாமல், ஆங்கிலம் வாசிக்காமல் அவரால் இயக்க முடிய வேண்டும். குமிழில் 180 இருக்கும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். அதோடு அவருக்கு எல்லாம் பழகிவிட்டது.

பெயரில் 'பிரையர்' இருந்தாலும் இது பொரிக்கும் பாத்திரம் ஆகாது. மேலே ஒரு சூடாக்கும் சுருள், அதற்குமேல் ஒரு விசிறி, கீழே துளையுள்ள கூடை. சூடான காற்றை உணவைச் சுற்றி வேகமாக ஓடவிட்டு மேற்பரப்பின் ஈரத்தை இழுத்து, சிவக்க வைக்கிறது. அதாவது, விசிறி பூட்டிய சிறிய போறணை. பிலிப்ஸ் நிறுவனம் 2010 இல் பேர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியபோது இருந்த அடிப்படைதான் இன்று கிளிநொச்சிக் கடையில் கிடைக்கும் மலிவுப் பெட்டியிலும் இருக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் எது சரிவரும், எது சரிவராது என்பதில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இனிக் கத்தரிக்காய். அதன் சதை முழுவதும் காற்று அடைத்த சின்னச் சின்ன இடைவெளிகள். கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் அந்த இடைவெளிகள் எண்ணெயைக் குடிக்கின்றன. அரைக் கிலோ கத்தரிக்காயைப் பொரித்து எடுத்தால் தாச்சியில் எண்ணெய் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நம் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். 2024 இன் கடைசி மாதங்களில் தேங்காய் விலை ஏறி, தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தொடவே யோசித்தபோது, எங்கள் வீட்டில் இந்தக் குழம்பு கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. அதற்கு முன்பே மாமிக்கு நீரிழிவும் கொலஸ்ட்ரோலும் இருப்பதால் எண்ணெயைக் குறைக்கும்படி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவித்த கத்தரிக்காயில் வைத்த குழம்பை அவர் வாயில் வைக்கவே மாட்டார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவார்.

இப்போது நான் செய்வது இது. கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு, சற்றுத் தடிப்பாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிச் சிறிது நேரம் வைத்து, விடும் தண்ணீரைப் பிழிந்துவிடுகிறேன். அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். அதைக் கையாலேயே எல்லாத் துண்டிலும் படும்படி பூச வேண்டும். எண்ணெயே இல்லாமல் போட்டால் தோல் வற்றிச் சுருங்கும், நிறமும் வராது. 180 பாகையில் பதினைந்து நிமிடம் முதல் பதினெட்டு வரை. நடுவில் இரண்டு தடவை கூடையை இழுத்துக் குலுக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது விளிம்புகள் கபில நிறமாகி, உள்ளே மெதுமெதுவென்று இருக்கும்.

மிச்சமெல்லாம் வழமைதான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், பெருஞ்சீரகம் தாளித்து, புளியும் கறித்தூளும் கப்பிப் பாலும் விட்டுக் கொதிக்க வைத்து, பிறகு முதற்பால் விட்டு, கத்தரிக்காயைக் கடைசியில் சேர்க்கிறேன். இறக்கும்போது வறுத்த பெருஞ்சீரகத் தூள் கொஞ்சம். எண்ணெயில் பொரித்ததில் குழம்பின் மேல் மிதக்கும் அந்த மினுக்கம் இதில் இல்லை. அது உண்மை. ஆனால் கத்தரிக்காய் குழம்பைத் தானே உறிஞ்சிக்கொள்வதால் துண்டுக்குள் புளியும் பாலும் நன்றாக இறங்கிவிடுகின்றன. முதல் நாள் மாமி ஒரு துண்டை விரலால் நசித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது பொரித்ததுதானே?" என்று கேட்டார். இரண்டாவது தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டார். அன்றைக்கே எனக்கு இந்தப் பெட்டியின் விலை திரும்பி வந்துவிட்டது.

பாவற்காய்க்கும் இதே வழிதான். மெல்லிய வட்டமாக வெட்டி, 170 பாகையில் பன்னிரண்டு நிமிடம். மொறுமொறுவென்று வந்ததும் வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துச் சம்பல். மிகவும் மெல்லியதாக வெட்டினால் துண்டுகள் காற்றில் மேலெழும்பிச் சுருளில் பட்டுக் கருகும். அப்பளமும் கறிவேப்பிலையும் அப்படித்தான் பறக்கும். மேலே ஒரு கம்பித் தட்டு வைத்து அமர்த்தாமல் அவற்றை உள்ளே விடவே கூடாது.

மீனில் என் அனுபவம் இரண்டு வகை. காலையில் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் மீன்காரரிடம் பாரையோ அறக்குளாவோ வாங்கினால், துண்டு வெட்டி மிளகாய்த்தூள், உப்பு, மஞ்சள், தேசிக்காய் பிரட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போகிறேன். மத்தியானம் மாமி அதை அடுக்கிக் குமிழைச் சிவப்புப் பொட்டுக்குத் திருப்பினால் பதின்மூன்று, பதினான்கு நிமிடத்தில் மீன் தயார். ஒருமுறை பிரட்டிப் போட்டால் போதும். அடுப்படியில் எண்ணெய் தெறிக்கும் பயம் இல்லை. வயது போனவரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகும் எனக்கு அது பெரிய நிம்மதி. நம் வறுத்த கறித்தூளைப் பூசினால் மட்டும் கவனம். அது ஏற்கனவே வறுபட்டது. 200 பாகைக் காற்றில் கருகிக் கைத்துவிடும். எண்ணெயில் குழைத்துப் பூசி, 180ஐத் தாண்டாமல் வையுங்கள்.

சூடை, சாலை போன்ற சிறிய மீன்களுக்கு இது தோதில்லை. கூடையில் ஒட்டிப் பிய்ந்துவிடுகின்றன. வாழையிலை விரித்தால் ஒட்டாது, ஆனால் கீழிருந்து காற்று வராததால் அடிப்பக்கம் அவிந்தபடி இருக்கும். சூடையை நல்லெண்ணெய் விட்டுத் தாச்சியிலேயே பொரியுங்கள். கருவாடு நன்றாகப் பொரியும், கட்டாக் கருவாடு கண்ணாடித் துண்டு உடைவதுபோல நொறுங்கும். ஆனால் விசிறி அந்த வாசத்தை வீடு முழுவதும் கொண்டுபோகும், பெட்டிக்குள்ளும் அது தங்கிவிடும். நாங்கள் விறாந்தையில் வைத்துப் பொரித்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் தேசிக்காய்த் தோலும் தண்ணீரும் வைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறோம்.

கோழிக்கால் 180 பாகையில் இருபத்தைந்து நிமிடம். கட்லட், ரோல்ஸ் மிக நன்றாக வரும். கடையில் வாங்கி ஆறிப்போன ரோல்ஸை 160 பாகையில் நான்கைந்து நிமிடம் வைத்தால் புதிதாகப் பொரித்ததுபோல ஆகிவிடும். பச்சைக் கச்சானைத் தோலோடு காயவைத்துப் பிறகு 160 பாகையில் வறுத்துப் பாருங்கள். அடிக்கடி குலுக்க வேண்டும், அவ்வளவுதான். மரவள்ளிக்கிழங்கை முதலில் அவிக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் வற்றி விறகாகிவிடும்.

சரிவராதவை: தண்ணீர்ப் பதமான எந்த மாவும். உளுந்து வடை மா துளை வழியே இறங்கிவிடும். பனங்காய்ப் பணியாரமும் அப்படியே. கடலைப் பருப்பு வடை உருவம் கெடாமல் நிற்கும், ஆனால் சாப்பிடும்போது தொண்டையை அடைக்கும். பண்டிகைக்கும் திவசத்துக்கும் வடை சுட இதை நம்பக் கூடாது. ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கே 4 லீற்றர் கூடையில் மீனை இரண்டு தடவையாகத்தான் போட முடிகிறது. குவித்துப் போட்டால் காற்று ஓட இடமில்லாமல் எல்லாம் அவிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து நிற்கும் நாள்களில் நான் விறகடுப்பில் பெரிய தாச்சியைத்தான் ஏற்றுகிறேன். சோறும் இன்றுவரை விறகடுப்பில்தான்.

உருளைக்கிழங்கு பற்றி ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், வெட்டி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் பூசி, இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருந்து எடுத்தாலும் தாச்சியில் பொரித்த சுவை வருவதில்லை. எண்ணெய் குறைந்தாலும் மாச்சத்து குறையாது. நீரிழிவு உள்ளவருக்கு 'இது எயார் பிரையரில் செய்தது' என்று சொல்லி ஒரு கோப்பை கிழங்கு கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1500 வாட்டை 230 வோல்ட்டால் பிரித்தால் ஆறரை அம்பியர் வருகிறது. வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடுகள் பலவற்றில் குசினிக்கு ஒரு 5 அம்பியர் பிளக்தான் இருக்கும். அதிலோ, அதிலிருந்து இழுத்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலோ இதைக் கொழுவினால் வயர் சூடாகி உருகும். நாங்கள் மின்னிணைப்பாளரைக் கூப்பிட்டு, தடித்த வயரில் தனி 13 அம்பியர் பிளக் போட்ட பிறகுதான் பெட்டியையே திறந்தோம். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இருபது நிமிடம் விடாமல் எரிந்தால் அரை அலகு போகும். சூடு ஏறியதும் சுருள் இடைக்கிடை அணைவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. இருந்தாலும் மாதம் 60 அலகுக்குள் சமாளிக்கும் வீடுகள் யோசிக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இடையில் மின்சாரம் போனால், குமிழ் வைத்த பெட்டியின் மணிக்கூடு சுருள்வில்லில் ஓடுவதால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மணி அடித்துவிட்டது என்று வேகாத கோழியை எடுத்துப் பரிமாறிவிடாதீர்கள். ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள்.

கனடாவில் உள்ள பிள்ளைகளிடம் அனுப்பச் சொல்லும் அம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அங்கே வாங்கியதை இங்கே நேரே கொழுவினால் முதல் நிமிடத்திலேயே எரிந்துவிடும். 1500 வாட்டைத் தாங்கும் ட்ரான்ஸ்ஃபோமர் பெரியது, பாரமானது, விலையும் கூடியது. பணமாக அனுப்பச் சொல்லுங்கள். லண்டனிலிருந்து வருவது வோல்ட்டுக்கும் பொருந்தும், மூன்று தட்டைக் கால் பிளக் நம் 13 அம்பியர் பிளக்கிலும் ஏறும். பிரான்ஸ், ஜேர்மனியிலிருந்து வந்தால் வோல்ட் சரி, பிளக்கைத்தான் மாற்ற வேண்டும்.

கழுவும்போது தேங்காய்த் தும்பும் சாம்பலும் ஆகவே ஆகாது. கூடையில் பூசியிருக்கும் ஒட்டாப் பூச்சு கீறுப்பட்டு உரியும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பஞ்சால் துடைத்தால் போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர் கலந்தது, காய்ந்ததும் வெள்ளை படிகிறது. அதனால் கழுவிய கையோடு துணியால் ஈரம் எடுத்துவிடுகிறேன். பாவிக்காத நேரத்தில் பின்பக்கக் காற்றுத் துளைகளில் பல்லி புகாதபடி ஒரு துணியால் மூடி வையுங்கள், போடும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

எனக்கு மனம் நொந்தது விற்பனைக்குப் பிறகு கிடைக்கும் கவனிப்பில்தான். கூடவந்த புத்தகத்தில் ஆங்கிலமும் சீனமும் மட்டும். ஒரு வரி தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. படம் போட்ட நேர அட்டவணையில் ஸ்டேக், மஃபின் எல்லாம் இருக்கின்றன, நாம் சமைக்கும் ஒன்றும் இல்லை. அதனால் நான் மேலே சொன்ன நேரங்களையெல்லாம் தமிழில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கூடையின் கைபிடி தளர்ந்தபோது கடைக்குக் கொண்டுபோனேன். ஒரு வருட உத்தரவாதம் இருந்தும், திருத்துமிடம் கொழும்பில், அனுப்பும் செலவு என்னுடையது என்றார்கள். கடைசியில் வீட்டுக்காரர்தான் திருகாணியை முறுக்கித் தந்தார். வன்னியில் பொருள் விற்கிறவர்கள் வன்னியிலேயே திருத்தியும் தர வேண்டும். நம் பணமும் கொழும்பார் பணம் போன்றதுதான்.

நீங்கள் வாங்கப் போகும்போது பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டியவை: எங்கே திருத்தித் தருவீர்கள், கூடை மட்டும் தனியாகக் கிடைக்குமா, உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரையும் திகதியும் இட்டுத் தருவீர்களா. பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லி, கொழுவி, விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எடுங்கள். கூடை சின்னதாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து 6 லீற்றருக்குப் போங்கள். மீனை இரண்டு தடவை போடும் வேலை மிச்சம்.